நின்றது செத்தது

காலை ஒன்பதரைக்குத் தமயந்தியின் ஸ்கூட்டர் ஆய்வு நிலைய வாசலுக்குள் நுழையும் சத்தம் கேட்டால் பிலோமினாவுக்கு வயிறு ஒருமுறை எரிந்து அடங்கும். டாக்டர் அதற்கு அமிலம் என்று பெயர் சொல்லி, சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பிலோமினாவும் ஒழுங்காக விழுங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எரிச்சல் வருவதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தூத்துக்குடி உப்பளப் புண் ஆய்வு நிலையத்தில் பிலோமினாவுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். நுண்ணோக்கிப் பிரிவின் பொறுப்பாளர். தமயந்தி வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. வந்த புதிதில் வெள்ளணுவுக்கும் தூசுக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்தவள். பக்கத்தில் உட்காரவைத்து, "ஏய், அது தூசும்மா, துடை" என்று சொல்லிக் கொடுத்தது பிலோமினாதான். அந்தத் தமயந்தி இப்போது நிலையத்தின் இயக்குநர். நேற்றுவரை 'நீ' என்று கூப்பிட்டவளை ஆட்கள் முன்னால் 'நீங்க' என்று கூப்பிடும்போதெல்லாம் பிலோமினாவின் நாக்கு ஒரு கணம் தயங்கும்.

தமயந்தி கெட்டவளாக இருந்திருந்தால் பாதி நிம்மதி. அவளோ நோயாளிகளின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதுவரை நினைவு வைத்திருப்பாள். கொண்டு வந்த தக்காளிச் சாதத்தைப் பாதிக்கு மேல் அடுத்தவர் தட்டில்தான் வைப்பாள். டிவிக்காரர்கள் வந்து மைக்கை நீட்டினால் 'நான்' என்று சொல்லமாட்டாள், 'எங்கள் குழு' என்பாள். அந்தக் 'குழு'வுக்குள் தான் எங்கே இருக்கிறோம் என்று பிலோமினா வீட்டில் அந்தப் பேட்டியை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தாள். எங்கேயும் இல்லை என்று முடிவு செய்தபின்தான் தூக்கம் வந்தது.

டிவி வந்தது ஓட்ட ஊசிக்காக. அதன் நிஜப் பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையாது. உப்பளத்தில் நாள் முழுக்க உப்புநீரில் நிற்பவர்களுக்குப் பாதம் வெடித்துப் புண்ணாகும். முன்பெல்லாம் நாலு மாத்திரையில் ஆறிவிடும். பத்து வருஷமாகக் கிருமிகள் எந்த மாத்திரைக்கும் மசிவதில்லை. விரல் போகும், பிறகு பாதம், பிறகு வேலை. மருந்து கைவிட்ட இடத்தில் உடம்பின் வெள்ளணுக்களையே முடுக்கிவிட்டால் என்ன என்று கேட்டவள் தமயந்தி. புண்ணின் ஓரத்தில் அந்த ஊசியைப் போட்டால் வெள்ளணுக்கள் வழக்கத்தைவிட நாலு மடங்கு வேகமாக ஓடி வந்து கிருமியை விழுங்கின. போன மாதம்வரை பதினோரு பேருக்குப் போட்டாயிற்று. ஒன்பது பேர் நடந்து போனார்கள். இரண்டு பேருக்கு விரல் போனது. அவர்களுக்குச் சர்க்கரை இருந்ததால் கோப்பில் சர்க்கரை என்று எழுதினார்கள்.

வெள்ளணு ஓடுவதை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் பிலோமினா. புண்ணின் விளிம்பில் தபால்தலை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சன்னலை ஒட்டுவாள். உள்ளே உயிருள்ள சதைக்குள் நடப்பதெல்லாம் திரையில் தெரியும். கூட்டத்தில் ஓர் அணுவை இன்னொன்றோடு இயந்திரம் குழப்பிவிடும் என்பதால் ஒவ்வோர் அணுவின் பாதையையும் மனிதர்கள்தான் ஒளிப்பேனாவால் கோடு போட்டுப் பின்தொடர வேண்டும். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாக வரைவார்கள். இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் மூத்தவர் தாள் நிற்கும், இளையவர் தாள் பெட்டிக்குப் போகும். அது நிலையத்தின் வழக்கம். சுவரில் பதினைந்து விதிகள் எழுதிய பலகை ஒன்றும் தொங்கியது. அதில் ஏழாவது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் அணு செத்தது, அதை அழித்துவிடவும் என்பது. 'நின்றது செத்தது' என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்வார்கள். எழுதியது யார் என்று பலகையில் இல்லை. எழுதியவள் பிலோமினா.

திங்கட்கிழமை காலை முத்துக்கனியின் பாதம் வீங்கியிருந்தது.

முத்துக்கனி முள்ளக்காட்டுப் பக்கம் உப்பு வாருகிறவள். முப்பத்தாறு வயது. ஓட்ட ஊசி போட்ட பன்னிரண்டாவது ஆள். மூன்றே நாளில் புண் வற்றி, தமயந்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்த படம் பேப்பரில் வந்திருந்தது. ஐந்தாம் நாள் பாதம் பணியாரம்போல உப்பிவிட்டது.

"கிருமி திரும்பி வந்திருக்கும்க்கா" என்றாள் தமயந்தி. "நாளைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டாவது ஊசியைப் போட்டுருவோம். சென்னையிலேருந்து வர்றவங்களும் நேருல பாத்த மாதிரி இருக்கும்."

சென்னையிலிருந்து வருகிறவர்கள் தலையாட்டினால் கடலோரத்தில் எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஊசி போகும். பிலோமினா தலையாட்டிவிட்டு, சன்னலை மாற்றிவர வார்டுக்குப் போனாள்.

புதுச் சன்னலை ஒட்டித் திரையைப் பார்த்தவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கிருமி ஒன்றுகூட இல்லை. வெள்ளணுக்களோ கலையவில்லை. புண்ணின் எல்லையைத் தாண்டி, நல்ல சதைக்குள் புகுந்து, ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தன. எதிரி செத்தது தெரியாமல் ஊரையே இடித்துக்கொண்டிருந்தன. இந்தக் காலில் இன்னோர் ஊசி ஏறினால் பாதம் நாலு நாள் தாங்காது.

பிலோமினாவுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, இரக்கமும் அல்ல. சந்தோஷம். தலையிலிருந்து கால்வரை குளிர்ந்த சந்தோஷம். நாளைக்குப் பதினோரு மணிக்கு, அத்தனை பேர் பார்க்க, தமயந்தி தன் கையாலேயே அந்த ஊசியைப் போடுவாள். கெடுதல் என்று எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

"உள்ள என்னக்கா தெரியுது?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள் முத்துக்கனி. நோயாளிகளுக்குப் பிலோமினா, சன்னல் ஒட்டும் கண்ணாடி அக்கா.

"ஒண்ணுமில்ல. வெள்ளணு ஓடுது."

"எதுக்கு ஓடுது?"

கேட்டால் சொல்லாமல் இருக்கப் பிலோமினாவால் முடியாது. "ஒரு அணு கிருமியைக் கண்டுட்டுன்னு வை. உடனே ஒரு சாறு விடும். வா வான்னு கூப்பிடுத மாதிரி. அந்த வாசனைக்கு மத்ததெல்லாம் ஓடி வரும். வந்ததும் கூப்பிடும். கூப்பிடக் கூப்பிடக் கூட்டம் கூடும்."

"பொறவு எப்ப நிறுத்தும்?"

"எங்க நிறுத்தும்? ஓடி ஓடிச் செத்துதான் நிக்கும்."

முத்துக்கனி எழுந்து உட்கார்ந்தாள். "அதெப்படிக்கா? நின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? எங்க பாத்தியில வந்து பாருங்க. தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா ஒரு கல்லு உப்பு விளையாது. மடையை அடைச்சு, தண்ணி ஆடாம அசையாம நின்னாத்தான் உப்பு பூக்கும். நிக்கும்போதுதான்க்கா அது வேலை பாக்கும்."

பிலோமினா திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"அக்கா, காலை எடுத்துருவாகளா? மறைக்காம சொல்லுங்க. உக்காந்து பாக்குத வேலைன்னா பரவால்ல. எனக்கு நின்னு பாக்குத வேலை. மவ ஒம்பதாவது படிக்கா. கால் போனா அவளும் வாருபலகையைத் தூக்கிக்கிட்டு அளத்துக்குத்தான் வரணும்."

"டாக்டரம்மாட்ட கேளு" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா எழுந்தாள். குரல் தனக்கே பிடிக்கவில்லை.

மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. பழைய படங்கள் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊசியே போடாத பழைய புண்களின் படங்களை எடுத்தாள். அழித்தது கோடுகளைத்தானே தவிரப் படத்தை அல்ல. ஏழாம் விதிப்படி விட்டுவிட்ட அணுக்களுக்கும் இப்போது கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நாலாவது படத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

அணுக்கள் ஓடி வந்தன, கூப்பிட்டன, கூட்டம் சேர்ந்தது. கூப்பிடும் சாறு ஓர் அளவுக்கு மேல் அடர்ந்ததும் அதே அணுக்களுக்கு அது கேட்காமல் போனது. செவிடானவைபோல அங்கங்கே நின்றுவிட்டன. நின்றவை சாகவில்லை. நின்ற இடத்தில் நிதானமாகக் கிருமியை விழுங்கிக்கொண்டிருந்தன. புண்ணைச் சுற்றி ஒரு வளையம்போல நின்று, நல்ல சதைக்குள் ஒன்றுகூடப் போகவில்லை. உடம்பு தனக்குத்தானே போட்டுக்கொண்ட கடிவாளம் அது. பதினெட்டு வருஷமாகப் பிலோமினா துடைத்து எறிந்தது அந்த வளையத்தை.

எல்லா வரைபடங்களும் வெள்ளணு ஓய்வில்லாமல் ஓடும், நிறுத்தம் என்று ஒன்று கிடையாது என்றே காட்டின. அதை நம்பித்தான் தமயந்தி, அணுக்களின் காது மந்தமாவது வெறும் களைப்பு என்று எண்ணி, அது வராமல் இருக்க மருந்து செய்தாள். ஊசி தமயந்தியுடையது. அதற்குள் இருந்த தப்பு பிலோமினாவுடையது.

அப்போதும் ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது. பலகையில் பெயர் இல்லையே. இந்த நிறுத்தத்தைக் கண்டுபிடித்தவள் நான் என்று நாளைக்கே சொல்லலாமே. அவளுடைய ஊசி விழும் நாளில் என் வளையம் எழும். அந்த நினைப்பிலேயே, வேறு யாரும் இதைப் பார்த்திருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ள இளையவர் தாள் பெட்டியைத் திறந்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய தாள் ஒன்று. தமயந்தியின் முதல் வாரம். பிஞ்சுக் கையெழுத்து. புண்ணைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டங்கள், வளையமாக. ஓரத்தில் பென்சிலால், 'இவை நிற்கின்றன, ஆனால் உயிரோடுதானே இருக்கின்றன?' அதன்மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு. கீழே, 'விதி 7. கவனம் தேவை. பி.' என்று பிலோமினாவே எழுதியிருந்தாள்.

வயிறு எரிந்தது. கண்டுபிடித்ததும் தமயந்திதான். முதல் வாரத்திலேயே, தூசுக்கும் அணுவுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த வாரத்திலேயே. தப்பைத் தவிரப் பிலோமினாவுக்கென்று எதுவும் மிச்சம் வைக்கவில்லை பாவி.

அறை மூலையில் காகிதம் கிழிக்கும் இயந்திரம் இருந்தது. பிலோமினா அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். காதுக்குள் முத்துக்கனியின் குரல், நின்னு பாக்குத வேலைக்கா, நின்னு பாக்குத வேலை. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இயக்குநர் அறைக்குப் போனாள்.

பாதியைத்தான் சொன்னாள். கிருமி இல்லை, அணுக்கள் நிற்கவில்லை, பழைய படங்களில் நிற்கின்றன, ஊசி அதைக் கெடுக்கிறது. கைப்பையைத் திறக்கவில்லை. தமயந்தி திரையைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் தனக்குப் புரியாதது அவளுக்கு நாலு நிமிஷத்தில் புரிந்ததையும் பிலோமினா கவனித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஊசி கிடையாது" என்றாள் தமயந்தி. முகம் வெளுத்திருந்தது. "அப்ப அந்த ரெண்டு பேருக்கு விரல் போனது?"

"சர்க்கரை இல்ல."

தமயந்தி மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். அப்புறம், "நல்ல வேளை, நீங்க பாத்திய" என்றாள். பிலோமினா வெளியே வந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே முத்துக்கனிக்குப் பழைய வீக்க மருந்தைக் கொடுத்து, புண்ணைக் கழுவி, வேறு எதுவும் செய்யாமல் விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூட்ட அறை நிறைந்திருந்தது. சென்னை ஆட்கள் ஆறு பேர், ஊர் டாக்டர்கள், ஊழியர்கள், ஓரமாக டிவிக்காரர்கள். தமயந்தி எழுந்து ஊசியை நிறுத்திவிட்டதைச் சொன்னாள். வளையத்தைத் திரையில் காட்டினாள். விரல் இழந்த இருவரின் கதையையும் ஒளிக்கவில்லை.

"இது என் அவசரம்" என்றாள். "அணுக்கள் நிக்கிறதை நான் கவனிக்கத் தவறிட்டேன். நேத்து அதை எனக்குக் காட்டினது பிலோமினா அக்கா. தப்பு முழுக்க என்னுடையது. எந்த நடவடிக்கைன்னாலும் என் பேர்ல எடுங்க."

முன்வரிசையில் வெள்ளைத் தலைக்காரர் ஒருவர் கைதட்டினார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "இந்த மாதிரி ஒரு நேர்மையை என் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்குகள் அவள் பக்கம் நீண்டன.

பிலோமினா தப்பித்துவிட்டாள். பலகையில் பெயர் இல்லை, தாள் கைப்பைக்குள். பெயரைச் சொல்லிப் பாராட்டியும் ஆயிற்று. ஒரு மனுஷிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வயிறு இதுவரை இல்லாத எரிச்சலாக எரிந்தது. பதவியை எடுத்துக்கொண்டாள், பொறுத்தாயிற்று. கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டாள், அது அவளுடையதுதான். இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு, அதற்கும் கைதட்டல் வாங்குகிறாளே! இவள் குடைக்குள் ஒதுங்கி மிச்ச நாளை ஓட்டுவதா? அதற்கு வெயிலில் நின்று சாகலாம்.

தான் எழுந்ததே நாற்காலி கீழே விழுந்த சத்தத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"பொய்" என்றாள். "அவங்க கவனிக்கலைன்னு சொன்னது பொய். முதல் வாரமே கவனிச்சாச்சு. இந்தா தாள். சிவப்புக் கோடு நான் போட்டது. ஏழாம் விதி நான் எழுதினது. அந்த ரெண்டு பேர் விரலும் என் கணக்கு. என் தப்பை யாருக்கும் நான் குடுக்க மாட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. மைக் ஒன்றுகூட அவள் பக்கம் திரும்பவில்லை. தாள் கைமாறிக் கைமாறி முன்வரிசைக்குப் போனது.

கூட்டம் கலைந்தபின் வராந்தாவில் தமயந்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா? நான் தாங்கிக்கிட்டிருப்பேன்லா."

"உன்னால தாங்க முடியும்னுதான்" என்றாள் பிலோமினா. பிறகு, "அந்தத் தாள் ஞாபகம் இருந்துச்சா ஒனக்கு?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதேன். உங்க கண்ணு தப்பாதுன்னு நம்பினேன்க்கா. என் கண்ணைத்தான் நம்பலை."

முத்துக்கனியின் புண் ஆற நாற்பத்தொரு நாள் ஆனது. மூன்று நாளில் ஆற வேண்டியதில்லை, ஆறினால் போதும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போகிற அன்று, "டாக்டரம்மா இல்லையா, அவிய இருந்தா நல்லாருந்திருக்கும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் கண்ணாடி அக்காவிடம் விடைபெற்றாள். இரண்டு காலால் நடந்து போனாள்.

விரல் போன இருவர் வீட்டுக்கும் தமயந்தியும் பிலோமினாவும் சேர்ந்தே போனார்கள். ஒருவர் காபி கொடுத்தார். இன்னொருவர், "விரலைக் கொண்டாந்திருக்கியளா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு பிலோமினாவுக்கு இன்னும் நினைவிலிருந்து போகவில்லை.

அவளுக்கு மெமோ வந்தது. பொறுப்பாளர் பதவி போயிற்று. பதினெட்டு வருஷப் படங்களையும் திரும்ப வரைந்து, அழித்த அணுக்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. விதிப் பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. பிலோமினா அதன் கீழே உட்கார்ந்து வரைந்தாள்.

இரண்டாவது ஆளாக வரைய யாரும் முன்வரவில்லை. ஒரு புதன்கிழமை பிற்பகல் தமயந்தி தன் அறை வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒளிப்பேனாவை எடுத்தாள். இருவரும் ஒரே படத்தைத் தனித்தனியாக வரைந்தார்கள். முடித்ததும் எண்ணிப் பார்த்தார்கள். நின்ற அணுக்கள் பிலோமினா தாளில் இருநூற்று ஒன்பது. தமயந்தி தாளில் இருநூற்றுப் பன்னிரண்டு.

வழக்கப்படி மூத்தவர் தாள் நிற்கும். தமயந்தி தன் தாளை மடிக்கப் போனாள். பிலோமினாவின் வயிறு எரிந்தது. பழைய எரிச்சல்தான், ஒரு சொட்டும் குறையவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"மடிக்காத. அந்த மூணு எது? காட்டு."